முஸ்தையும் போத்ரமும்: வராஹாவதார உரைகளில் விலங்கின் மெய்ம்மை

ஸ்ரீவராஹாவதாரத்தைப் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவரும் நூல்களிலும் நிகழ்த்தப்படும் உபந்யாஸங்களிலும் ஒரு கூச்சம் தலைகாட்டி வருகிறது. மத்ஸ்யத்தைச் சொல்லும்போது அக்கூச்சம் இல்லை. கூர்மத்தைச் சொல்லும்போதும் இல்லை. பன்றி என்ற சொல் நாவில் வந்த மாத்திரத்தில், இது வேதமயமான திருமேனி, யஜ்ஞத்தின் உருவகம், விலங்காக எண்ணலாகாது என்றொரு சமாதானம் முன்னே வந்து நிற்கிறது. சமாதானம் சொல்லுகிறவருடைய பக்தியில் குறையில்லை. ஆனால் அச்சமாதானம் ஆழ்வார்களுடைய திருவாக்குக்கும் பூர்வாசார்யர்களுடைய உரைக்கும் பொருந்துமா என்பது விசாரிக்கத் தக்கது. பொருந்தாது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூச்சத்தின் மூலத்தை முதலில் அறிய வேண்டும். தெருவில் திரியும் ஊர்ப்பன்றியே கேட்பவர் நெஞ்சில் வந்து நிற்கிறது. தர்மசாஸ்த்ரங்களோ விட்வராஹம் எனப்படும் க்ராமஸூகரத்தை வேறாகவும், காட்டில் வாழும் வராஹத்தை வேறாகவும் பிரித்தே பேசுகின்றன. இழிவும் விலக்கும் முன்னதற்கே சொல்லப்பட்டன. சதபத ப்ராஹ்மணம் ராஜஸூயத்தில் அரசன் வராஹத்தின் தோலால் ஆன பாதரக்ஷையை அணிய வேண்டும் என்று விதிக்கிறது. தேவர்கள் அக்நியில் இட்ட நெய்க்குடத்திலிருந்து பிறந்தது வராஹம் என்று அதற்குக் காரணமும் கூறுகிறது. அக்ந்யாதானத்திற்குச் சேர்க்க வேண்டிய மண்வகைகளுள் வராஹவிஹதம், அதாவது காட்டுப்பன்றி கிளறிய மண், ஒன்று. தைத்திரீய ப்ராஹ்மணம் இதற்குக் கூறும் வரலாறு, ப்ரஜாபதி வராஹமாகி நீரில் மூழ்கிச் சிறிது மண்ணைக் கொணர்ந்து தாமரையிலையின்மேல் பரப்பினார், அதுவே ப்ருதிவியாயிற்று என்பது. இங்கே கவனிக்க வேண்டியது, உருவகமாக ஒரு வராஹத்தை நினைத்துக்கொள் என்று வேதம் சொல்லவில்லை என்பது. காட்டுக்குச் சென்று, மெய்யான பன்றி மெய்யாகவே கிளறிய மண்ணை எடுத்து வா என்கிறது.

அந்த மெய்யான விலங்கின் இயல்பு என்ன? ஐரோப்பா தொடங்கிக் கிழக்காசியா வரையில் பரந்து வாழ்வது காட்டுப்பன்றி. பாரத தேசத்தில் வாழும் வகைக்குப் பிடரி முதல் முதுகு வரை நிமிர்ந்து நிற்கும் முரட்டு மயிர்வரிசை உண்டு. கண் சிறிது, பார்வையும் மந்தம். மோப்பமோ மிகக் கூரியது. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் கிழங்கை அது காண்பதில்லை, மோந்தே அறிகிறது. மூக்கின் நுனி வட்டமான குருத்தெலும்புத் தட்டாக அமைந்திருக்க, உள்ளிருந்து ஒரு சிற்றெலும்பு அதைத் தாங்குகிறது; ஆகையால் இறுகிய நிலத்தையும் அது பிளந்து புரட்ட வல்லது. கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் ஆண்பன்றிக்கு ஓயாமல் வளர்ந்து மேற்பற்களோடு உராய்ந்து தாமே கூர்ப்படுகின்றன. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வகை அதற்கில்லாமையால் சேற்றில் புரள்கிறது. சேறு காயும்போது உண்ணிகளும் அதில் சிக்கிக்கொள்ள, மரத்தில் உராய்ந்து அவற்றை உதிர்க்கிறது. நீரில் நன்றாக நீந்தும். பெண்பன்றிகளும் குருளைகளும் கூட்டமாக வாழ, வளர்ந்த ஆண் பெரும்பாலும் தனித்தே திரியும். நாய், பன்றி, புலி, முயல் இந்நான்கின் இளமைக்கும் குருளை என்று பெயர் வகுத்தது தொல்காப்பிய மரபியல். ஆண்பன்றியை யானையோடு சேர்த்து ஒருத்தல் என்று சொல்லவும் அது இடந்தருகிறது. யானைக்கு நிகராக எண்ணப்பட்ட விலங்கு இது என்பதைக் கூச்சப்படுகிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

தினைப்புனத்தில் இதனால் விளையும் அழிவைச் சங்கச் சான்றோர் அறியாதவரல்லர். விதைத்தவன் வயிற்றில் அடிக்கும் இவ்விலங்கை இன்றைய உழவரும் தூற்றாமல் இல்லை. தூற்றுவதில் ந்யாயமும் உண்டு. ஆயினும் புறநானூற்றின் 168ஆம் பாட்டில், பிட்டங்கொற்றனைப் பாடிய கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் வேறொரு காட்சியைக் காட்டுகிறார். காந்தட்கிழங்கு வெளிப்படும்படி கேழல் தன் கிளையோடு கிளறிவிட்ட புழுதியில், குறவர் நல்ல நாள் பார்த்து, தாம் உழாமலே தினை விதைக்கிறார்கள். உழவு கேழலுடையது, விளைவு மனிதருடையது. இது கவியின் கற்பனை மட்டும் அன்று என்பதற்கு வடமொழி இலக்கணமே சாக்ஷி. பாணினி, கலப்பையின் கொழுவுக்கும் பன்றியின் மூக்குக்கும் சேர்த்து ஒரே ஸூத்ரத்தில் (3.2.183) போத்ரம் என்ற சொல்லை ஸாதிக்கிறார். இரண்டும் நிலத்தைக் கீறுவன என்ற ஒப்புமை இருக்கட்டும். அதைக் காட்டிலும் வியப்பானது தாதுவின் பொருள். தூய்மை செய்தல் என்னும் பொருளுடைய தாதுவிலிருந்தே இச்சொல் பிறக்கிறது. இரண்டு ஸூத்ரம் கழித்து அதே தாதுவிலிருந்து பவித்ரம் என்ற சொல் ஸித்திக்கிறது. பன்றியின் மூக்கும் தர்ப்பையாலான பவித்ரமும் இலக்கணத்தில் உடன்பிறப்புக்கள்.

இதை மனத்திற்கொண்டு ஸ்வாமி தேசிகனுடைய தசாவதார ஸ்தோத்ரத்தில் வராஹ ச்லோகத்தைப் பார்க்க வேண்டும். எம்பெருமானுக்கு அங்கே இட்ட பெயர் போத்ரீ என்பது. வராஹ, கோல, க்ரோட முதலிய சொற்கள் இருக்க, மூக்கையே முன்னிட்ட சொல்லை எடுத்தருளினார். அதை அடுத்தே, ப்ரஹ்மாண்டத்தைப் பவித்ரமாக்கியவன் என்ற விசேஷணத்தை வைத்தார். இது வெறும் மோனை என்று விட்டுவிடுவது ரஸிகர்க்கு அழகன்று. எந்த உறுப்பால் சேற்றைக் கிளறினானோ அந்த உறுப்பின் பெயரிலேயே தூய்மை இருக்கிறது என்பது கவிதார்க்கிக ஸிம்ஹத்தின் திருவுள்ளம் என்று கொள்வதே தகும். அழுக்கு ஏறுமே என்று அஞ்சுகிறவர்க்கு அண்டம் தூயதாயிற்று என்று விடை வருகிறது. விடை வரும் இடமோ சேறு பட்ட அந்த மூக்கேதான்.

மேலும் அந்த ச்லோகத்தில் எம்பெருமான் பன்றியின் குரலிலேயே உறுமுகிறான். ப்ரளய அலைகளின் முழக்கம்போல் கனத்தது என்று அக்குரலைச் சிறப்பித்தாலும், குரலைக் குறிக்க வைத்த சொல் பன்றியின் உறுமலை அப்படியே வாயால் ஒலித்துக் காட்டும் ஒலிக்குறிப்பு. வேதகோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவர் முற்படவில்லை. ச்லோகத்தின் முடிவில் பூமிப்பிராட்டி எயிற்றின் நுனியில் அசையாமல் அமர்ந்து, ப்ரஹ்மா முதல் புல்பூண்டு ஈறாக அனைத்தையும் ஈன்றாள், முஸ்தையைப் போல, என்று உவமை அமைகிறது.

முஸ்தை என்பது கோரைக்கிழங்கு. முத்தக்காசு என்று மருந்துக்கடையில் விற்பது. இவ்வுவமைக்குப் பொதுவாகக் கூறப்படும் கருத்து, பரந்த பூமியும் அவனுக்கு முன் சிறுகிழங்கு அளவினதாயிற்று என்பது. தவறில்லை, ஆனால் போதாது. சிறுமையைக் காட்ட எத்தனையோ பொருள்கள் உண்டு. திருமங்கையாழ்வார் திருத்தெற்றியம்பலப் பதிகத்தில் மஹாமேருவையே சிலம்பினுள் ஒலிக்கும் பரலாக்கித் திருக்குளம்பில் ஒலிக்கச் செய்தார். கடுகோ பரலோ இங்கும் போதுமாயிருக்க, கோரைக்கிழங்கு ஏன்? காட்டுப்பன்றி விரும்பித் தேடும் உணவு அது என்பதே விடை. காளிதாஸன் சாகுந்தலத்தின் 2ஆம் அங்கத்தில் வேட்டையைக் கைவிட்ட துஷ்யந்தனைக்கொண்டு, குட்டைகளில் பன்றிகள் அச்சமின்றி முஸ்தையைத் தோண்டட்டும் என்று சொல்லுவிக்கிறான். ரகுவம்சத்தின் 9ஆம் ஸர்க்கத்தில் தசரதன் பின்தொடரும் பன்றிக்கூட்டத்தின் வழியெல்லாம் வாயிலிருந்து சிந்திய முஸ்தைத் துண்டுகள் கிடக்கின்றன. காளிதாஸனை நன்கு கற்ற தேசிகன் இதை அறிந்தே உவமையாக்கினார். அப்போது பொருள் வேறாகிறது. பூமியை மீட்டது எம்பெருமானுக்கு ஒரு கடமை நிறைவேற்றமாக இல்லை. பசித்த விலங்கு தன் உணவைத் தேடிச் சேற்றைக் கிளறி எடுத்ததுபோல, தனக்கு இனியதைத் தானே தேடி அடைந்ததாயிற்று. மீட்கப்பட்டவள் பெற்ற பேற்றினும் மீட்டவன் பெற்ற பேறு பெரிது. ஜீவனைப் பெறுவது ஈச்வரனுக்கே லாபம் என்று ரஹஸ்ய க்ரந்தங்கள் விரித்துரைக்கும் அர்த்தம் ஓர் உவமைச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. பன்றியை உருவகம் என்று தள்ளினால் முஸ்தையும் தள்ளுண்டு போகும். இந்த ரஸமும் உடன் போகும்.

உவமையில் இன்னொரு நயமும் உண்டு. கோரையை ஒழிக்கப் பாடுபட்ட உழவனுக்குத் தெரியும்: தோண்டி எடுத்து எறிந்த கிழங்கும் ஈரம் பட்டால் முளைக்கும். எயிற்றைச் சொல்லும்போது முளை என்னும் பொருளுடைய அங்குரம் என்ற சொல், ஸ்தாவரங்களின் எல்லையைச் சொல்லும்போது புற்கொத்து என்னும் பொருளுடைய ஸ்தம்பம் என்ற சொல், பிறகு கிழங்கு. மூன்றும் செடியினத்துச் சொற்கள். பெயர்த்தெடுக்கப்பட்ட பூமி எயிற்றின்மேல் இருந்தபடியே அனைத்தையும் ஈன்றாள் என்பதற்கு, பெயர்த்தெடுத்த பின்னும் முளைவிடும் கிழங்கைக் காட்டிலும் பொருத்தமான உவமானம் கிடைப்பது அரிது.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழும். அதே ச்லோகத்தில் குஹநா என்ற சொல்லைப் போத்ரீ என்பதோடு கூட்டியிருக்கிறாரே. அதற்குக் கபடம், பொய்த்தோற்றம் என்றல்லவா பொருள்? ஆகவே பன்றி வடிவம் பாவனை என்று தேசிகனே ஒப்புக்கொண்டாராகாதா? ஆகாது. கீதையின் 4ஆம் அத்யாயத்து பாஷ்யத்தை ஒட்டி அவதார ரஹஸ்யத்தை ஆறாக வகுத்துக் காட்டியவரும் அவரே. அவ்வாறில் முதலாவது அவதாரம் மெய் என்பது, இந்த்ரஜாலம்போல் பொய்யன்று. இரண்டாவது, தன் ஸ்வபாவத்தை விடாமலே அவதரிக்கிறான் என்பது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குஹநா என்ற சொல்லின் எல்லை விளங்கும். கர்மத்தால் வந்த பன்றிப் பிறவி அன்று, தன் ஸங்கல்பத்தால் கொண்டது என்பதை அச்சொல் காட்டும். பிறவிக்குக் காரணம் நம்முடையதன்று என்று அறிந்தால் போதும். பிறந்த திருமேனியைப் பொய் என்று அதனால் நிறுவ முடியாது. பொய்த்தோற்றம் உறுமவும் வேண்டியதில்லை, கிழங்கு தேடவும் வேண்டியதில்லை.

யஜ்ஞவராஹம் என்று கூறும் புராணங்களின் கதி என்ன என்று கேட்கலாம். ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் முதல் அம்சத்தில் 4ஆம் அத்யாயம் வேதங்களைத் திருவடியாகவும் யூபத்தை எயிறாகவும் காட்டித் துதிப்பது உண்மை. ஆனால் அவ்வத்யாயத்திலேயே வராஹம் நீரிலிருந்து எழும்போது தெறித்த நீர் ஜனலோகம் வரை எட்டுகிறது. நனைந்த திருமேனியை அது உதறும்போது மயிர்க்கால்களின் இடையே நின்ற முனிவர்கள் துதிக்கிறார்கள். நனைந்த விலங்கு உடலை உதறுவதைக் கண்டிராதவர் இதை எழுதியிருக்க முடியாது. ஸ்ரீமத்பாகவதம் மூன்றாம் ஸ்கந்தத்தில், யஜ்ஞமே வடிவானவன் என்று சொல்லும் அதே மூச்சில், பூமி போன வழியை மூக்கால் மோந்து தேடினான் என்கிறது. ஸர்வஜ்ஞனுக்கு மோப்பம் எதற்கு? எடுத்த வடிவத்தின் இயல்புக்கு உண்மையாயிருக்க என்பதன்றி வேறு விடை இல்லை. புராணத்தில் யஜ்ஞமும் விலங்கும் ஒன்றையொன்று விலக்கவில்லை. விலக்குவது இக்காலத்துச் சமாதானம் மட்டுமே.

கல்லில் செதுக்கியவர்களும் இவ்விரண்டையும் அறிந்திருந்தனர். விதிசைக்கு அருகே உதயகிரியில் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த குகையில் மனித உடலும் வராஹ முகமுமாக நிற்பவனை, ஏரணில் முழு விலங்காகவே நிறுத்தி, அதன் உடல் முழுவதும் முனிவர்களை வரிசை வரிசையாகச் செதுக்கினர். எயிற்றைப் பற்றித் தொங்கும் பூமிப்பிராட்டியும் அங்கே உண்டு.

அவதார வரிசையைப் பரிணாமக் கொள்கையோடு பொருத்தி, நீர்வாழ்வன, நீர்நிலம் இரண்டிலும் வாழ்வன, நிலவிலங்கு என்று படி கட்டும் வழக்கத்தை நீண்டு ஆராய வேண்டியதில்லை. 1877இல் வெளிவந்த ப்ளாவட்ஸ்கி அம்மையாரின் ஐஸிஸ் அன்வெயில்ட் என்ற நூலிலேயே காணப்படும் இக்கருத்துக்கு நம் உரைமரபில் வேர் கிடையாது. அவதாரத்திற்குக் காரணம் க்ருபை. உயிரினங்களின் வளர்ச்சிப் படி அன்று. வராஹம் ஏன் வராஹமாயிற்று என்ற கேள்விக்கு இந்த விளக்கத்தில் விடையும் இல்லை. மானோ குதிரையோ அவ்விடத்தில் நின்றாலும் அது மாறாமல் நிற்கும்.

நிலை இதுவாக, ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் 11ஆம் பதிகத்தில் அருளிச்செய்ததை என்ன செய்வது? பாசி மூடிக் கிடந்த நிலமகளுக்காக, உடம்பெல்லாம் மாசும் வழியும் நீருமாக, மானம் என்பதே இல்லாத பன்றியானவன் என்று அவள் வாய் திறந்து சொல்லிவிட்டாள். இங்கே மானம் என்ற சொல்லுக்கு வடமொழியில் அளவு என்ற பொருளும் இருப்பதைப் பற்றிக்கொண்டு, அளவிடற்கரிய வராஹம் என்று பொருள் சொல்ல நாக்கு எழக்கூடும். இலக்கணம் அதைத் தடுக்காது, பாசுரம் தடுக்கிறது. மாசையும் ஒழுகும் நீரையும் வரிசையாகச் சொல்லிவந்தவள் அடுத்த சொல்லில் அளவைப் பற்றிப் பேச என்ன இயைபு? அழுக்கைப் பற்றிக் கவலையில்லை, பார்ப்பவர் என்ன சொல்வரோ என்ற எண்ணமும் இல்லை என்று முடிவதே சொல்லின் ஓட்டம். தன்னை அழிய மாறுதல் என்று நம் பெரியோர் வழங்கும் சொற்றொடர் இவ்விடத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். கடல் நீரில் மூழ்கி எழுந்தவனுக்கு மாசு எப்படி என்று கேட்டால், அடியில் கிடந்த சேற்றையும் கிளறியவன் அவன் என்பதே விடை. அவள் பாசி ஏறிக் கிடக்க, இவன் தூய பீதாம்பரத்தோடு வந்து நிற்கவில்லை. அவள் கிடந்த கோலத்துக்கு ஈடாகத் தன் கோலத்தையும் ஆக்கிக்கொண்டான்.

மானமின்மையைச் சொன்ன வாய் மூடுவதற்குள் அவனைத் தேசு உடையவன் என்கிறாள் என்பதும் நோக்கத் தக்கது. மாசு ஏறினாலும் தேசு குறையவில்லை. ஸ்வபாவத்தை விடாமை என்று தேசிகன் இரண்டாவதாக எண்ணியதை ஆண்டாள் ஒரு சொல்லால் முடித்துவிட்டாள். இவற்றில் ஏதாவது ஒன்றை மழுக்கினாலும் பாசுரம் சிதையும். மாசை மழுக்கினால் ஸௌலப்யம் போகும். தேசை மழுக்கினால் பரத்வம் போகும்.

நம்மாழ்வாரும் இக்கூச்சத்தை அறிந்தே பேசுகிறார். முதல் ப்ரபந்தமான திருவிருத்தத்தின் 99ஆம் பாசுரத்தில், தாம் சொல்லப்போவது இழிந்த சொல்லாகத் தோன்றினாலும் தோன்றட்டும் என்று தொடங்கி, ஏன உருவாகி வையத்தை இடந்தெடுத்தவனையே ஞானப்பிரான் என்று பெயரிட்டு, அவனையன்றித் தாம் கண்ட நல்லது வேறில்லை என்று அறுதியிடுகிறார். 100ஆம் பாசுரம் பலச்ருதியாகையால், ப்ரபந்தத்தின் கடைசிச் சொல் இதுவே. ஞானத்தைக் கொடுப்பவன் என்ற பெயரைக் குதிரைமுகத்துப் பெருமானுக்கோ கீதை சொன்ன ஸாரதிக்கோ இடாமல், சேற்றில் இறங்கிய கேழலுக்கு இட்டதில் பொருள் இல்லாமற் போகாது. மூழ்கினவளுக்குத் தான் மூழ்கியது தெரியும், கரை தெரியாது. கீழே இறங்கி வந்தவனே கரையைக் காட்ட வல்லவன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராஹப் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கு அமுது செய்விக்கப்படுகிறது. உருவகத்துக்கு எவரும் கிழங்கு சமைத்துப் படைப்பதில்லை. எம்பெருமானுடைய திருவாய்க்கு எது உகப்போ அதைத் தேடிப் படைத்தவர்களுக்கு, அவன் கொண்ட வடிவத்தைக் குறித்து ஐயம் இருந்ததாகத் தோன்றவில்லை. திருவிடவெந்தையில் பிராட்டியைத் திருத்தொடையில் ஏந்தி நிற்கும் ஆதிவராஹனுடைய திருமுகமும் கடல்மல்லைக் குகையில் அவளை நோக்கித் திரும்பிய திருமுகமும் விலங்கின் முகங்களே. அம்முகத்திலிருந்து பிறந்ததுதான் வராஹ சரம ச்லோகம்.

மூன்று சரம ச்லோகங்களில் ஒன்று கடற்கரையில் வில்லேந்தியவனுடையது. ஒன்று தேர்த்தட்டில் கடிவாளம் பிடித்தவனுடையது. ஒன்று இந்த ஏனத்தினுடையது. முன்னிரண்டும் கேட்பவன் அறிவோடு செய்யும் சரணாகதியைப் பற்றியவை. வராஹனுடைய வார்த்தை மட்டும் அறிவு போன பிறகு நடப்பதைப் பேசுகிறது. உடலும் மனமும் நன்றாயிருக்கும் காலத்தில் ஒருவன் நினைத்தால், பின்பு அவன் கட்டையும் கல்லும்போல் கிடக்கும்போது, நானே அவனை நினைத்துப் பரமகதிக்குக் கொண்டு போகிறேன் என்பது அதன் கருத்து. இதை விளக்கவே ஸ்வாமி தேசிகன் ரஹஸ்ய சிகாமணி என்று தனி க்ரந்தம் அருளினார். ஆண்டாள் தன் பதிகத்தில், அவன் பேசி வைத்த பேச்சு நெஞ்சைவிட்டுப் பெயர்க்கவும் பெயரவில்லை என்று சொல்வதும் இவ்வார்த்தையைப் பற்றியே என்பர் பெரியோர்.

படுக்கையில் நினைவிழந்து கிடப்பவருக்கு அருகே இந்த ச்லோகத்தை அநுஸந்திக்கும் வழக்கம் நம் க்ருஹங்களில் உண்டு. மலமூத்ராதிகளோடு கிடக்கும் உடலை அருகே இருப்பவர்களே தொடத் தயங்கும் நிலை அது. அந்நிலையில் இருப்பவனை நான் நினைக்கிறேன் என்று சொன்னவன், சேறும் நீரும் சொட்டும் உடம்போடு நின்று அதைச் சொன்னான். உருவகமான பன்றி அதைச் சொல்லியிருந்தால் வார்த்தையும் உருவகமாகவே நின்றிருக்கும். சொன்னவனிடத்தில் மெய்யான மாசு, கேட்டவளிடத்தில் மெய்யான பாசி என்று மாற்றிச் சொன்னாலும் ஒன்றே. பூமிப்பிராட்டியே பின்பு கோதையாக வந்து, தான் கேட்டதைத் தானே பாடினாள் என்பது ஸம்ப்ரதாயமாகையால், மாசையும் நீரையும் கண்ணால் கண்டவள் வாக்கு அது. கண்டவள் சொன்னதைக் காணாதவர் திருத்த வேண்டியதில்லை.